எல்லாருக்கும் ஃபைவ் நைன்

"மேட்டுப் பள்ளிக்கு என் மச்சான் போறார்" என்று தலைவர் சொன்னதும், மிஷினக்காவின் கையிலிருந்த டீ கிளாஸ் வாய்க்குப் போகும் வழியிலேயே நின்றுவிட்டது.

மிஷினக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. கடைத்தெருவில் காது மிஷின் பொருத்தும் கடை அவளுடையது. காது மந்தமானவர்கள் வைத்த பெயர், காது நன்றாகக் கேட்பவர்களுக்கும் பழகிப்போய் ஒட்டிக்கொண்டது. லைசென்ஸ் வாங்கிச் சொந்த ரேடியோ செட்டில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்பவர்கள் சேர்ந்து நடத்தும் ஹாம் ரேடியோ கிளப்பிலும் அதே பெயர்தான். நூலகத்தின் மாடி அறை, பத்துப் பதினைந்து நாற்காலிகள், சுற்றும்போதெல்லாம் முனகும் ஒரு மின்விசிறி. கிளப் என்றால் அவ்வளவுதான்.

"தலைவரே, அது நான் கேட்ட இடமாச்சே?"

கேட்டது சும்மா இல்லை. போன மழைக்கு ஆறு பெருகிப் பாலம் மூழ்கியபோது, போன் கோபுரங்கள் வரிசையாகப் படுத்துவிட்டன. அக்கரையில் ஒரு பஸ் மாட்டிக்கொண்டது. பயணிகளை ஏற்றிக்கொண்டு மேட்டுப் பள்ளியில் ஒதுங்கிய அந்த பஸ்ஸின் டிரைவர், மிஷினக்காவின் கணவர். ஆள் இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல இக்கரையில் ஒரு நாதி இல்லை. இரண்டு நாள் கழித்து யாருடைய சட்டையையோ மாட்டிக்கொண்டு அவர் வாசலில் வந்து நின்றார். அழுது முடித்த கையோடு அவள் சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்தவள்தான். படித்தாள், பரீட்சை எழுதினாள், லைசென்ஸ் வாங்கினாள். முதலில் கேட்க மட்டும் ஒரு ரிசீவர் கட்டினாள். பிறகு பேசவும் கேட்கவும் ஒரு முழு செட்டு. இந்த மழைக்கு மேட்டுப் பள்ளியில் ஒரு ரேடியோ நிலையம் வேண்டும் என்று அதிகாரிகள் கிளப்பைக் கேட்டபோது, அந்த நாற்காலி யாருடையது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

தலைவர் பனிக்கட்டியில் தேன் தடவியது போல் சிரித்தார். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆளை வெளியே அனுப்பும்போதும் தோளில் தட்டி அனுப்பியே பழகியவர்.

"உங்க உழைப்பை யாரும் குறை சொல்ல முடியாதும்மா. சொந்தக் கையால செட்டு கட்டினவங்க இந்த கிளப்புல நீங்க ஒருத்தர்தான். நாங்கள்லாம் கடையில வாங்கினவங்க. ஆனா பாருங்க, ஆடியோன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"என் ஆடியோவுக்கு என்ன?"

யாரோ இருமினார்கள். யாரோ செருப்பைத் தேடுவது போல் குனிந்தார்கள்.

"போன ஞாயித்துக்கிழமை எனக்கு ஃபைவ் நைன் குடுத்தது யாரு? நீங்கதானே? அதுக்கு முந்தின வாரம்? அதுக்கும் முந்தி?"

ஃபைவ் நைன் என்பது ஹாம்களின் மார்க். முதல் எண், பேச்சு எவ்வளவு புரிகிறது என்பதற்கு. ஐந்துக்கு மேல் கிடையாது. இரண்டாவது, சிக்னல் எவ்வளவு பலம் என்பதற்கு. ஒன்பதுக்கு மேல் கிடையாது. ஆக, ஃபைவ் நைன் என்றால் நூற்றுக்கு நூறு. கோடை தொடங்கியதிலிருந்து ஞாயிறு தவறாமல் அவள் வாங்கிக்கொண்டிருந்த மார்க் அது.

"அது ஒரு மரியாதைக்குச் சொல்றதும்மா," என்றார் தலைவர். "ரேடியோவுல, ஏர்ல பேசறப்போ யார் மனசையும் புண்படுத்தக் கூடாதில்ல? எல்லாரும் எல்லாருக்கும் சொல்றதுதானே."

"அப்ப என் பேச்சு உங்களுக்குப் புரியவே இல்லையா?"

"புரியலைன்னு சொல்ல முடியாது..."

பின்வரிசையில் போட்டோ ஸ்டுடியோக்காரர் பக்கத்து நாற்காலியிடம் குசுகுசுத்தார். "பக்கெட்டுக்குக் கோவம் வந்துடுச்சு டோய்."

நாள் முழுக்க அடுத்தவர் காதைச் சோதிப்பவளுக்குத் தன் காது எப்படி இருக்கும்? மின்விசிறி முனகலையும் தாண்டி அது வந்து விழுந்தது.

"பக்கெட்டா? யாரு பக்கெட்டு?"

போட்டோ ஸ்டுடியோக்காரர் மின்விசிறியை இன்றுதான் முதல்முறை பார்ப்பவர் போல் அண்ணாந்தார்.

மிஷினக்கா டீ கிளாஸை மேஜையில் வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்கு. தெறித்த டீ தலைவரின் சட்டைப் பையில் பூப்போட்டது.

"ஞாயித்துக்கிழமை ஏர்ல பாக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

கால்கள் நேராக மெடிக்கல் அண்ணனின் மருந்துக் கடைக்குப் போயின. அன்று கூட்டத்துக்கு வராதவர் அவர் ஒருவர்தான். ஞாயிறு காலை எல்லாரும் பேசி முடித்துக் கிளம்பிய பிறகும், அவளோடு கொஞ்ச நேரம் கூட இருந்து கதை பேசுபவர். மழை வருமா, மாத்திரை வந்ததா, பையன் படிக்கிறானா என்று. ரேடியோவில் கிடைத்த கூடப்பிறக்காத அண்ணன் என்று அவள் வீட்டில் பெருமையடித்துக்கொண்ட ஆள்.

கடையில் ஒருவர் தலைவலி மாத்திரைக்கு நின்றுகொண்டிருந்தார். அண்ணன் கத்தரிக்கோலால் அட்டையை வெட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பக்கெட்டுன்னா யாரு?"

கத்தரிக்கோல் பாதி அட்டையில் நின்றது.

"உள்ள வாம்மா, டீ சொல்றேன்."

"டீயெல்லாம் ஒருத்தர் சட்டைக்குக் குடுத்துட்டு வந்துட்டேன். இங்கயே சொல்லுங்க."

அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார். பிறகு ஏதோ ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு போனை எடுத்தார்.

"குரூப்புல போட்டிருந்தாங்க."

"எந்த குரூப்பு? கிளப் குரூப்புல நானும்தானே இருக்கேன்?"

"இது வந்து... இன்னொரு குரூப்பு."

அவர் பொத்தானை அழுத்தினார். போனிலிருந்து ஒரு சத்தம் வந்தது. காலி பக்கெட்டுக்குள் தலையை விட்டு யாரோ வாய் கொப்பளிக்கிறார்கள். கொப்பளிப்புக்கு நடுவே ஒரு அதிர்வு, தகரத்தை ரம்பத்தால் இழுப்பது போல. வார்த்தை என்று ஒன்று எங்கோ அடியில் கிடந்து மூச்சுக்குத் திணறியது. 'வணக்கம்' என்பதைக் கண்டுபிடிக்க அவளுக்கே நேரம் பிடித்தது. சொன்னது அவள்தான்.

கீழே கண்ணீர் தெறிக்கச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசை கட்டி நின்றன. அவற்றில் ஒன்று மெடிக்கல் அண்ணனுடையது.

"நீங்களுமா அண்ணே?"

"எல்லாரும் போட்டாங்க, நானும்... ஆனா எனக்கு நீ பேசறது புரியும்மா! பழகப் பழகப் பாதி வார்த்தை புடிபட்டுடும். மீதியை நானே நிரப்பிக்குவேன்."

அந்த ஒரு வார்த்தையில் மிஷினக்காவுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டது.

"நிரப்பிக்குவீங்களா? மேட்டுப் பள்ளியிலேர்ந்து நான் மருந்துப் பேரைச் சொல்வேன், நீங்க பாதியைக் கேட்டு மீதியை நிரப்பி அனுப்பி வைப்பீங்க, அதை நாங்க நோயாளிக்குக் குடுக்கணும், அப்படித்தானே? கடையிலயும் டாக்டர் சீட்டை இப்படித்தான் படிக்கிறீங்களா?"

தலைவலிக்காரர் தன் கையிலிருந்த மாத்திரையைத் திருப்பிப் பார்த்தார். "சார், இது நான் கேட்டதுதானே?"

"நீங்க சும்மா இருங்க சார்!" என்ற அண்ணன் அவள் பக்கம் திரும்பினார். "உன் மனசு கஷ்டப்படுமேன்னுதாம்மா சொல்லல. அவ்வளவு ஆசையா கட்டினே."

"என் மனசை நான் பாத்துக்குவேன். அதுக்குக் காவல் போடச் சொல்லி உங்களை யாரும் கேக்கல. முதல் வாரமே 'நாசமாப் போன ஆடியோ'ன்னு நீங்க சொல்லியிருந்தா, ரெண்டாவது வாரம் சரி பண்ணியிருப்பேன். இப்ப என் இடம் போச்சு. அதை விடுங்க. இதுக்குள்ள தண்ணி வந்திருந்தா? எல்லாம் சரியா இருக்குன்னு நம்பி நான் அந்த மேட்டுல உக்காந்து கத்திக்கிட்டே இருந்திருப்பேன். இங்க நீங்க எல்லாரும் பக்கெட்டு பேசுதுன்னு சிரிச்சிருப்பீங்க!"

தலைவலிக்காரருக்கு இப்போது நிஜமாகவே தலை வலித்திருக்க வேண்டும். மாத்திரையை அங்கேயே பிரித்து வாயில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

வீட்டில் செட்டு ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்திருந்தது. ஷூ பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. முன்பக்கத் தகடு மட்டும் கரும்பச்சை. எத்தனையோ சாயல் பார்த்து, இரண்டு கோட் அடித்து, வாரக் கணக்கில் காயவிட்டு அவள் செய்த வேலை. கீழ் மூலையில் மைக் சொருகும் சாக்கெட். மைக், உள்ளங்கைக்குள் அடங்கும் உலோகக் கூடு. பழைய டாக்சி ஒன்றிலிருந்து கழற்றியது. உள்ளே பட்டாணி அளவு புது மைக்கை அவளே வைத்துச் சால்டர் செய்திருந்தாள்.

முதல் சோதனை அவளுக்குத் தெரிந்ததுதான். ஏரியலைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் டம்மி லோடை மாட்டினாள். டம்மி லோடு ஒரு தடித்த மின்தடை. செட்டிலிருந்து கிளம்பும் சக்தி வானத்துக்குப் போகாமல் அதிலேயே சூடாகிச் செத்துவிடும். முதலில் கட்டிய ரிசீவரில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேசினாள். தெளிவான, சுத்தமான குரல். எப்போது சோதித்தாலும் இப்படித்தான் கேட்டது. இதை நம்பித்தான் அவள் இத்தனை நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தாள்.

ஏரியலில் போட்டால் என்ன ஆகிறது? அதை வீட்டுக்குள் கேட்க வழியில்லை. இவ்வளவு பக்கத்தில் ஏரியலின் சத்தம் ரிசீவரின் காதைப் பிளந்துவிடும். தூரத்தில், ஊரின் மறுகோடியில், ஒரு காது வேண்டும்.

"நான் போய்க் கேட்டுச் சொல்லட்டா?" என்றார் டிரைவர். யூனிஃபார்ம் சட்டையைக் கழற்றக்கூட இல்லை, கதை முழுவதையும் கேட்டு முடித்திருந்தார்.

"நீங்களா? நான் உப்புப் போட மறந்த அன்னைக்கும் 'பிரமாதம்'னு ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்ட ஆளு நீங்க. உங்க காதும் அந்த குரூப்புல சேர்ந்ததுதான்."

"சண்டை வேண்டாமேன்னு சாப்பிட்டேன். அது ஒரு குத்தமா?"

"இன்னைக்கு அதுதான் பெரிய குத்தம்!"

"சரி விடு. நல்ல வார்த்தையே சொல்லாத ஆளுதான் வேணும்னா, எங்கக்காவைத்தான் கூப்பிடணும்," என்று டிரைவர் சிரித்தார்.

மிஷினக்கா சிரிக்கவில்லை. திரும்பி அவரையே பார்த்தாள்.

"ஏய், நான் வேடிக்கைக்குச் சொன்னேன்."

"நான் வேடிக்கைக்குக் கேக்கல. இந்த ரிசீவரை எடுத்துக்கிட்டுப் போய் அண்ணி வீட்டுல வச்சுட்டு வாங்க."

டிரைவரின் அக்கா ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவள். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிப்பதுதான் தொழில், அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவாள். தம்பி கல்யாணத்தன்று மாலையும் கழுத்துமாக நின்ற மணப்பெண்ணின் காதில், "ஜாக்கெட் இடது கை கோணல்" என்று வாழ்த்தியவள். அந்த நாத்தனாரோடு மிஷினக்கா பேசும் வார்த்தைகளை ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம்.

"அண்ணி, ஒரு உதவி வேணும்," என்றாள் போனில்.

"அதானே. காரியம் இல்லாம எனக்கு நீ எதுக்குப் போன் பண்ணப் போறே? சொல்லு."

"என் குரலைக் கேட்டு எப்படி இருக்குன்னு சொல்லணும்."

"இதுக்கு ரேடியோ எதுக்கு? இப்பவே சொல்றேனே."

"ரேடியோவுல கேட்டுச் சொல்லுங்க அண்ணி. உள்ளது உள்ளபடி."

"வேற எப்படிச் சொல்லுவாங்க?"

சனிக்கிழமை பிற்பகல் வேலை தொடங்கியது. யாரும் இல்லாத அலைவரிசையாகப் பார்த்துச் செட்டை நிறுத்தி, முறைப்படி, லைசென்ஸோடு கிடைத்த தன் அழைப்புக் குறியைச் சொல்லிவிட்டு, மிஷினக்கா மைக்கில் எண்ண ஆரம்பித்தாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு..." பக்கத்தில் போன் ஸ்பீக்கரில் கிடந்தது.

"தவளை," என்றது போன்.

"என்ன அண்ணி?"

"கிணத்துத் தவளை. கல்லெறிஞ்சா கத்துமே, அது."

கோபம் சுர்ரென்று ஏறியது. ஏறிய வேகத்தில் இறங்கவும் செய்தது. இதைத்தானே கேட்டாள். மைக்கின் ஒலியளவைப் பாதியாகக் குறைத்தாள். மறுபடி எண்ணினாள்.

"தவளை தள்ளிப் போயிருக்கு. ஆனா தவளைதான்."

மைக்கின் முன்னால் பஞ்சு வைத்தாள்.

"இப்ப தவளைக்கு ஜலதோஷம்."

டிரைவர் அடுக்களைப் பக்கம் போய்ச் சிரித்துவிட்டு வந்தார். மிஷினக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, செட்டு அனுப்பும் சக்தியைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தாள்.

"அட. கொஞ்சம் மனுஷச் சாயல் வருதே? தூரத்துல இருக்கு, ஆனா மனுஷிதான்."

மிஷினக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். சக்தி குறைந்தால் தவளை போகிறது! அப்படியானால் குரலைக் கெடுப்பது குரல் அல்ல, சக்தி. ஏரியலிலிருந்து பாயும் அலையில் ஒரு துளி, மைக் வயரைப் பிடித்துக்கொண்டு செட்டுக்குள் திரும்பி வருகிறது. அவள் குரலோடு கலந்து, அதைக் குதறி, மறுபடி ஏரியலுக்கே போகிறது. டம்மி லோடில் எதுவும் வெளியே போவதில்லை, அதனால் எதுவும் திரும்பியும் வருவதில்லை. ஆக, அந்த டம்மி லோடும் கிளப் ஆட்களோடு சேர்ந்து அவளை ஏமாற்றியிருக்கிறது!

ஆனால் வயரின் மேல் பின்னிய கவசம் இருக்கிறதே? உள்ளே எதையும் விடக்கூடாது என்றுதானே அதைப் போட்டாள்? சக்தியை மறுபடி முழுதாக்கிவிட்டு, ஒரு கையில் மைக்கைப் பிடித்து எண்ணிக்கொண்டே, சாக்கெட்டை உற்றுப் பார்க்கக் குனிந்தாள். விழாமல் இருக்க மறுகைக் கட்டைவிரலை முன்பக்கத் தகட்டின் திருகாணி மேல் ஊன்றினாள்.

"இரு! இப்ப என்ன பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணலியே அண்ணி."

"பொய் சொல்லாதே. தவளை பாதி செத்துப்போச்சு. என்னத்தையோ பண்ணினே."

விரலை எடுத்தாள். "இப்ப?"

"வந்துடுச்சு சனியன்."

வைத்தாள். "இப்ப?"

"போச்சு."

ஒரு கை மைக்கின் உலோகக் கூட்டில். மறுகை தகட்டின் திருகாணியில். இரண்டையும் இணைப்பது அவள் உடம்பு! அப்படியென்றால் இணைக்க வேண்டிய சாக்கெட் இணைக்கவில்லை. ஏன் இணைக்கவில்லை? சாக்கெட்டின் மரையைக் கழற்றினாள். கீழே பச்சை. வழவழவென்று, பளபளவென்று, இரண்டு கோட் கரும்பச்சை.

அவள் ஆசை ஆசையாக அடித்த பெயின்ட், தகட்டுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே ஒரு சுவர் கட்டியிருந்தது. கவசத்தில் பிடிபட்ட குப்பை தகடு வழியாகப் பூமிக்குப் போக முடியாமல், நேரே செட்டின் வயிற்றுக்குள் போயிருக்கிறது. கடையில் வாங்கும் செட்டில் இந்தத் தப்பு வராது. வீட்டில் கட்டி, அழகும் பார்க்கிறவர்களுக்குத்தான் வரும்.

"பெயின்ட்டு!" என்று கத்தினாள். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் தன்னையே திட்டினாள். "அலங்காரம் கேட்டுச்சாம் அலங்காரம்!"

பிளேடை எடுத்துச் சாக்கெட்டைச் சுற்றிச் சுரண்டினாள். பச்சை சுருள் சுருளாக விழுந்தது. உலோகம் வெள்ளையாகப் பல்லைக் காட்டியதும் மரையை இறுக்கினாள். சாக்கெட்டின் முதுகில், மைக் வயர் நுழையும் இடத்திலேயே, பொட்டு அளவு ஒரு கெபாசிட்டரைச் சால்டர் வைத்தாள். மிச்சம் மீதி வந்தாலும் அது வாசலிலேயே வழித்துக்கொண்டு போய்விடும். ஊதி ஆற்றினாள். முழுச் சக்தியில் எண்ணினாள்.

போன் பக்கம் குனிந்தாள்.

"அண்ணி? கேக்குதா?"

"கேக்குது. உன் குரல்தான். அதே எரிச்சல்."

டிரைவர் கை தட்டினார். வாழ்நாளில் யாரும் மிஷினக்காவை இவ்வளவு நன்றாகப் பாராட்டியதில்லை.

"வேற குறை இருக்கா அண்ணி?"

"இல்லாம இருக்குமா? 'ச' சொல்றப்ப புஸ்ஸுனு காத்து அடிக்குது. வாயை நேரா வைக்காம ஓரமா வச்சுப் பேசு." பிறகு அண்ணியே கேட்டாள். "இத்தனை நாளா இதை யாருமே உங்கிட்டச் சொல்லலியா?"

"இல்ல அண்ணி."

"எல்லாரும் ரொம்ப நல்லவங்க போல," என்று சொல்லிவிட்டு அண்ணி போனை வைத்தாள். 'நல்லவங்க' என்ற வார்த்தை கெட்ட வார்த்தை மாதிரி ஒலித்தது.

ஞாயிறு காலை. நெட் தொடங்கிவிட்டது. நெட் என்றால் கிளப்பின் வாராந்திர ஆஜர். தலைவர் ஒவ்வொரு நிலையமாகக் கூப்பிடுவார். அவரவர் வணக்கம் சொல்வார்கள். தலைவர் மார்க் போடுவார்.

டிரைவர் பஸ் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு கதவருகே நின்றார். "மைக்கைச் சொருகு, உன் முறை வரப்போகுது."

"வரட்டும்."

மைக்கின் பிளக் மிஷினக்காவின் மடியில் கிடந்தது.

கடையில் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. புது மிஷின் மாட்டிக்கொண்ட சிலர், எதைக் கேட்டாலும் "நல்லா கேக்குது, நல்லா கேக்குது" என்று தலையாட்டுவார்கள். கேட்கவில்லை என்று சொல்ல வெட்கம். அப்படிப்பட்டவர்கள் முன்னால் அவள் சத்தமே இல்லாமல் வெறும் உதட்டை அசைப்பாள். அதற்கும் தலையாட்டினால் ஆள் மாட்டிக்கொண்டார்.

"...ஃபைவ் நைன், அருமை அருமை," என்று போட்டோ ஸ்டுடியோக்காரருக்கு மார்க் போட்டுவிட்டுத் தலைவர் அவள் அழைப்புக் குறியைச் சொல்லிக் கூப்பிட்டார்.

மிஷினக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செட்டிலிருந்து ஒரு துரும்பும் வெளியே போகவில்லை. வெறும் இரைச்சல் ஓடியது. ஒருவர் நான்கு வாக்கியம் பேசும் நேரம் கடந்தது.

"ரொம்ப நன்றிம்மா!" என்றது தலைவரின் குரல். "நல்லா கேட்டுது. ஃபைவ் நைன். போன வாரத்துக்கு இந்த வாரம் நல்ல முன்னேற்றம் தெரியுது. மனசுல எதுவும் வச்சுக்காம வந்தீங்களே, அதுதான் பெருந்தன்மை. அடுத்து..."

பஸ் சாவி சுழல்வது நின்றது. "அடப்பாவி," என்றார் டிரைவர்.

மிஷினக்கா பிளக்கைச் சொருகினாள். வாயை ஓரமாக வைத்து, பொத்தானை அழுத்தினாள்.

"பிரேக்."

நடுவில் பேச அனுமதி கேட்கும் சொல் அது. அதற்குள்ளேயே எல்லாருக்கும் புரிந்திருக்க வேண்டும். பக்கெட்டும் இல்லை, தவளையும் இல்லை. கத்தி மாதிரி ஒரு குரல்.

"தலைவரே, இப்ப ஃபைவ் நைன்னு சொன்னீங்களே, எதுக்கு? நான் வாயையே திறக்கல. மைக் மடியில கிடந்துச்சு. இப்பதான் சொருகறேன். இல்லாத குரல்ல என்ன முன்னேற்றத்தைக் கண்டீங்க?"

தலைவர் தடுமாறினார்.

"வந்து... அலைவரிசை இன்னைக்குக் கொஞ்சம் ஏற்ற இறக்கமா இருக்கு... ஏதோ லேசா கேட்ட மாதிரி..."

"தலைவரே, எனக்கு ஒண்ணும் கேக்கல." இது மெடிக்கல் அண்ணன். "வெறும் இரைச்சல்தான்."

"எனக்கும் கேக்கல," என்றார் போட்டோ ஸ்டுடியோக்காரர். உடனே அவருக்கே ஒரு சந்தேகம் வந்தது. "அப்ப... எனக்குச் சொன்ன ஃபைவ் நைன்?"

"உங்களைக் கேட்டு ரொம்ப நாளாச்சு," என்றது தையல் பள்ளி நடத்தும் இன்னொரு உறுப்பினரின் குரல். "உங்க ரூம் ஃபேனைத்தான் வாரா வாரம் கேட்டுக்கிட்டிருக்கோம்."

"என்னது! அப்ப உங்களுது? தொண்டையில துணி வச்சு அடைச்ச மாதிரி!"

"ஒழுங்கு! ஒழுங்கு!" என்று தலைவர் கத்தினார். அவரும் கத்துவார் என்பது அன்றுதான் எல்லாருக்கும் தெரிந்தது. "இது நெட்! சந்தைக்கடை இல்ல! ஒரு மரியாதைப்பட்ட இடத்துல பொறி வச்சு ஆளைப் பிடிக்கிறது என்ன பண்பாடு?"

"தண்ணி வந்து நிக்கிறப்போ உங்க பண்பாட்டைக் கட்டிக்கிட்டா மிதக்கறது?" மிஷினக்காவின் குரல் நடுங்கவில்லை. "ஆடியோ சரியில்லைன்னு என் இடத்தை எடுத்தீங்க. அது நியாயம். நானா இருந்தாலும் எடுத்திருப்பேன். ஆனா கெட்டுப்போச்சுன்னு முகத்துக்கு நேரா சொல்லாம, வாரா வாரம் நூத்துக்கு நூறு போட்டு, முதுகுக்குப் பின்னால சிரிச்சீங்களே, அது என்ன? இப்ப ஒரு செய்தி சொல்றேன். மேட்டுப் பள்ளியிலேர்ந்து வர்ற செய்தின்னு நினைச்சுக்குங்க. எழுதி, திருப்பிப் படிங்க. அண்ணே, நீங்க படிங்க."

அவள் சொன்னாள். "வடக்குக் கட்டடத்துல நாப்பது பேர். ஒருத்தருக்கு இன்சுலின் வேணும், வயசு அறுபத்தெட்டு. ஒரு கர்ப்பிணி, எட்டாம் மாசம், ரத்தக்கொதிப்பு. ரெண்டு குழந்தைக்குப் பேதி, உப்புக் கரைசல் பாக்கெட்டு வேணும். கிணத்துத் தண்ணியைக் குடிக்க முடியாது."

மெடிக்கல் அண்ணன் படித்தார். இன்சுலின் வந்தது. கர்ப்பிணி வந்தாள். பிறகு நிறுத்தினார்.

"குழந்தைக்கு என்னன்னு ஒரு வார்த்தை விட்டுப்போச்சும்மா. பேதியா, பீதியா? தெரியல. நானா நிரப்பல. திரும்பச் சொல்லு."

மிஷினக்கா ஒரு கணம் மைக்கைப் பார்த்தாள். கோபம் போய்விடவில்லை. ஆனால் அதில் ஓர் ஓரம் மட்டும் கொஞ்சம் ஆறியது.

"பேதி. வயித்துப்போக்கு. வ-யி-த்-து-ப் போக்கு."

"வயித்துப்போக்கு. ரெண்டு குழந்தை. உப்புக் கரைசல். கிணத்துத் தண்ணி குடிக்க முடியாது. அவ்வளவும் வந்துச்சு."

"எனக்கும் வந்துச்சு," என்றது தையல் பள்ளி. "எனக்கும்," என்றது ஃபேன்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "சந்தோஷம். ஆனா இடம் முடிவாயிடுச்சு. என் மச்சான் தயாரா..."

"பிரேக், பிரேக்." புதுக்குரல். தலைவரின் மச்சான்தான். "அத்தான், எல்லாரும் உண்மையைச் சொல்ற நாளா இருக்கு, நானும் சொல்லிடறேன். எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணின்னாலே பயம். அன்னைக்கு நீங்க என் பேரைச் சொன்னப்போ மறுக்கச் சங்கடமா இருந்துச்சு. ரெண்டு நாளா தூக்கம் இல்ல. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் போகல. வீட்டுல எங்கக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

யாரோ ஒருவர் பொத்தானை அழுத்தியபடியே சிரித்துவிட்டார். அது ஊர் முழுக்கக் கேட்டது.

கடைசியில் தலைவர் பேசினார். தேன் வற்றிப்போன குரல். "மேட்டுப் பள்ளி நிலையம்... நீங்களே போங்கம்மா."

"சரி. தலைவர் இப்ப சொன்னதை எல்லாரும் எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதியாச்சு!" என்று நாலைந்து குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.

நெட் முடிந்ததும் போன் அடித்தது. தலைவர்.

"அம்மா, நடந்தது நடந்துபோச்சு. வயசானவன், ஒரு நல்ல எண்ணத்துல செஞ்சுட்டேன். மனசுல எதையும் வச்சுக்காதீங்க."

"வச்சுக்குவேன் சார்."

"என்னம்மா?"

"நல்லா வச்சுக்குவேன். மேட்டுல நான் தனியா உக்காந்திருக்கறப்போ, இந்தப் பக்கத்துல யார் சொல்றதை நம்பலாம், யார் சொல்றதை நம்பக் கூடாதுன்னு எனக்கு ஞாபகம் இருக்கணுமில்ல?"

போனை வைத்துவிட்டு, ஏரியல் வயரைச் சுருட்டத் தொடங்கினாள்.

"அக்கரை பஸ்ஸை எடுக்கணும், நேரமாச்சு," என்றார் டிரைவர். "செட்டை இன்னைக்கே கொண்டுபோறியா என்ன?"

"பின்ன? மழை வந்தப்புறமா? முன் சீட்டைக் காலி பண்ணி வைங்க."

டிரைவர் செட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். மைக்கைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, அவள் பின்னால் போனாள்.